கணக்குக் கொப்பியும் தலைவர் கதிரையும்: மெகி லீனா வோக்கரின் கதை

எமது பாடசாலைகளில் ஆசிரியர் நலன்புரிச் சங்கம் என்று ஒன்று இருக்கும். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று சேர்ப்போம். யாருக்காவது பிள்ளை கிடைத்தால், யார் வீட்டிலாவது மௌத்து என்றால், யாராவது ஓய்வு பெற்றுப் போனால் அதிலிருந்துதான் செலவு. நான் முன்னர் படிப்பித்த ஒரு பாடசாலையில் அந்தச் சங்கத்தின் கணக்குக் கொப்பி ஏழு வருடங்கள் என் மேசை லாச்சியில்தான் இருந்தது. காசு சேர்த்தது நான். பற்றுச்சீட்டு எழுதியது நான். வருட முடிவில் ஐந்து சதம் பிசகாமல் கணக்கை முடித்துக் கொடுத்ததும் நான்தான். ஆனால் கூட்ட அறிக்கையில் பொருளாளர் என்று எழுதப்பட்ட பெயர் எனதல்ல.

யாரும் என்னைத் தடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வருடாந்தப் பொதுக் கூட்டத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயர்கள் பிரேரிக்கப்படும். மூன்றும் ஆண் ஆசிரியர்களின் பெயர்களாகவே இருக்கும். ஒருவர் ஆமோதிப்பார். எல்லோரும் கை உயர்த்துவோம். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆசிரியைகள். ஏழு வருடமும் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. கூட்டம் முடிந்ததும் புதிய பொருளாளர் சேர் சிரித்த முகத்தோடு வந்து, கொப்பியை வழமை போல என்னையே வைத்துக்கொள்ளச் சொல்வார். நானும் வைத்துக்கொள்வேன்.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்த ஒருவர் மெகி லீனா வோக்கர். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில், வங்கிகளின் வரலாறு பற்றிய ஓர் ஒப்படைக்காகத் தகவல் தேடியபோது அவரைப் பற்றி முதன்முதலாக வாசித்தேன். அமெரிக்காவில் ஒரு வங்கிக்குச் சாசனம் பெற்று, அதன் தலைவராகவும் அமர்ந்த முதலாவது கறுப்பினப் பெண் அவர். அது 1903ஆம் ஆண்டு. அவர் வாழ்ந்த வேர்ஜீனியா மாநிலத்தில் அன்று எந்தப் பெண்ணுக்கும் வாக்குரிமை இருக்கவில்லை. ஒப்படையைக் கொடுத்துப் புள்ளியும் வாங்கிய பிறகும் அவருடைய கதை என்னை விட்டுப் போகவில்லை. அவரும் ஆசிரியர் பயிற்சி பெற்று வகுப்பறைக்குப் போன ஓர் ஆசிரியை என்பது அதற்கு ஒரு காரணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டி பற்றிய எமது மார்க்கத்தின் நிலைப்பாடு எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த வங்கியின் கொடுக்கல் வாங்கல் முறையை முன்மாதிரியாகக் காட்ட நான் வரவில்லை. பிறர் காசுக்குப் பொறுப்பு நிற்கும் இடத்தில் ஒரு பெண் எப்படித் தலைமைக்கு வந்தார், வந்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் இங்கே பேச்சு.

சலவைக் கூடை

மெகி 1864 ஜூலை 15ஆம் திகதி வேர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். பழைய நூல்கள் 1867 என்று சொல்லும். பிற்கால ஆவண ஆய்வுகள்தான் 1864 என்று காட்டின. அமெரிக்க உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அடிமை முறையைக் காப்பாற்றப் போராடிய தென் மாநிலங்களின் தலைநகராக அப்போது இருந்தது அதே ரிச்மண்ட்தான். மெகியின் தாய் எலிசபெத் முன்னர் அடிமையாக இருந்தவர். எலிசபெத் வான் லூ என்ற செல்வந்தப் பெண்ணின் மாளிகையில் சமையல் உதவியாளராக வேலை செய்தார். அந்த வான் லூ, தென் மாநிலங்களின் தலைநகரில் இருந்துகொண்டே வட மாநிலப் படைக்கு உளவு சொன்னவர் என்று வரலாற்றில் இடம்பிடித்தவர்.

தாய் பின்னர் அதே வீட்டில் வேலை செய்த வில்லியம் மிச்செல் என்பவரை மணந்தார். வில்லியத்துக்கு ஒரு ஹோட்டலில் தலைமைப் பரிசாரகர் வேலை கிடைத்தது. குடும்பம் ஒரு சிறிய வாடகை வீட்டுக்குப் போனது. தம்பி ஒருவனும் பிறந்தான். வாழ்க்கை கொஞ்சம் தலைநிமிர்ந்த அந்த வேளையில், 1876ஆம் ஆண்டு, வில்லியத்தின் உடல் ஆற்றில் மிதந்து வந்தது. தற்கொலை என்று பொலிஸார் முடிவு செய்தனர். யாரோ கொள்ளையடித்துக் கொன்றுவிட்டார்கள் என்றே தாய் கடைசி வரை நம்பினார்.

வருமானம் நின்றது. தாய் வெள்ளையர் வீடுகளின் உடுப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் வேலையை ஆரம்பித்தார். அழுக்கு உடுப்புகளை வாங்கி வருவதும், துவைத்து மடித்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பதும் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் வேலையானது. கூடையைச் சுமந்துகொண்டு பெரிய வீடுகளின் பின்வாசலுக்குப் போய் வந்தாள் மெகி. ஒரு பக்கம் நிறைய இருப்பதையும் மறுபக்கம் ஒன்றும் இல்லாதிருப்பதையும் அவள் தினமும் நடந்தே பார்த்தாள். பிற்காலத்தில் அவருடைய வங்கியை நாடி வந்தவர்களில் பலர் இப்படித் துவைத்தும் சமைத்தும் உழைத்த பெண்கள். அவர்களின் கையில் வாரக் கடைசியில் எத்தனை சதம் மிஞ்சும் என்பது மெகிக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விடயமாக இருக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் படிப்பு நிற்கவில்லை. கறுப்பின மாணவர்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பாடசாலையில் சேர்ந்து 1883இல் வெளியேறினார். அந்தப் பட்டமளிப்பிலேயே ஒரு போராட்டம் நடந்தது. வெள்ளை மாணவர்களுக்கு நகரின் நாடக அரங்கில் விழா நடக்கும். கறுப்பின மாணவர்களுக்குத் தேவாலயத்தில். மெகியும் வகுப்புத் தோழர்களும் அதை ஏற்க மறுத்தார்கள். அரங்கு கிடைக்கவில்லை. ஆனால் ஒதுக்கிக் கொடுத்த இடத்துக்கும் அவர்கள் போகவில்லை. தங்கள் பாடசாலை மண்டபத்திலேயே விழாவை நடத்தினார்கள். அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் நடத்திய ஆரம்பகாலப் பாடசாலைப் போராட்டங்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது.

திருமணம் மூடிய கதவு

பிறகு மூன்று வருடங்கள் மெகி படிப்பித்தார். அந்தக் காலத்திலேயே கணக்கியலும் கற்றுக்கொண்டார். 1886இல் ஆம்ஸ்டெட் வோக்கர் என்ற கட்டட ஒப்பந்தக்காரரை மணந்தார். அத்துடன் அவருடைய ஆசிரியத் தொழில் முடிந்தது. காரணம் கணவர் அல்ல. திருமணமான பெண் பாடசாலையில் படிப்பிக்கக் கூடாது என்பது அன்றைய விதி. திருமணமான ஆணுக்கு அப்படியொரு விதி இல்லை.

இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். பயிற்சி பெற்ற, மூன்று வருட அனுபவமுள்ள ஓர் ஆசிரியையை இருபத்திரண்டு வயதில் வீட்டுக்கு அனுப்பிய விதி அது. ஒருவரின் திறமையை எடைபோடுவதற்கு முன்னரே அவரை வெளியே நிறுத்திவிடும் விதிகள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றன. சில எழுதப்பட்டவை. சில எழுதப்படாதவை.

மெகி வீட்டோடு நின்றுவிடவில்லை. பதின்ம வயதிலேயே அவர் ஒரு சங்கத்தில் அங்கத்தவராகச் சேர்ந்திருந்தார். சென்ட் லூக் சுயாதீனச் சங்கம் என்று அதற்குப் பெயர். 1867இல் போல்ட்டிமோர் நகரில் மேரி பிரௌட் என்ற கறுப்பினப் பெண் ஆரம்பித்தது. எமது ஊர்களில் உள்ள ஜனாஸா நலன்புரிச் சங்கங்களை நினைத்துக்கொண்டால் அது என்னவென்று எளிதாக விளங்கும். அங்கத்தவர்கள் சிறு தொகை கட்டுவார்கள். நோயில் விழுந்தால் உதவி கிடைக்கும். இறந்தால் அடக்கச் செலவு கிடைக்கும். காப்புறுதிக் கம்பனிகள் கறுப்பின மக்களை ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில் அவர்களின் மானத்தைக் காத்தவை இத்தகைய சங்கங்கள்தான்.

அந்தச் சங்கத்தில் மெகி பார்க்காத வேலை இல்லை. நோயாளிகளைப் போய்ப் பார்த்தார். கிளைகளை அமைத்தார். கணக்கு எழுதினார். 1895இல் சிறுவர்களுக்கான பிரிவொன்றை ஆரம்பிக்கும் யோசனையை முன்வைத்து அதைத் தானே பொறுப்பேற்று நடத்தினார். பிள்ளைகளுக்குச் சேமிக்கவும் ஒழுங்காக வாழவும் பழக்குவது அதன் நோக்கம். வகுப்பறையை விட்டு அனுப்பப்பட்ட ஆசிரியை தனக்கென்று வேறொரு வகுப்பறையை அமைத்துக்கொண்டார்.

முப்பத்தொரு டொலர்

1899இல் சங்கம் கவிழும் நிலைக்கு வந்தது. நீண்ட காலம் நிர்வாகச் செயலாளராக இருந்தவர் விலகினார். கையிருப்பு 31 டொலர் 61 சதம். கொடுக்க வேண்டிய கடன் சுமார் 400 டொலர். அந்த நேரத்தில்தான் அந்தப் பதவி மெகியிடம் வந்தது.

இரண்டு விடயங்களை இங்கே கவனிக்க வேண்டும். சங்கம் செழிப்பாக இருந்தபோது அந்தக் கதிரை ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப்படவில்லை. மூழ்கப் போகிறது என்ற போதுதான் கொடுக்கப்பட்டது. இரண்டாவது சம்பளம். முன்னவருக்கு வருடத்துக்கு 300 டொலர். மெகிக்கு 100 டொலர். அதே வேலைக்கு, இன்னும் சொல்லப்போனால் அதைவிடக் கஷ்டமான வேலைக்கு, மூன்றில் ஒரு பங்கு. நிறுவனம் தள்ளாடும்போது மட்டும் பெண்ணைத் தலைமைக்கு அழைப்பதும், அழைத்துவிட்டுக் குறைவாகக் கொடுப்பதும் இன்றும் நிதித் துறையில் முறைப்பாடுகளாகக் கேட்கும் விடயங்கள்தான். மெகி பொறுப்பை ஏற்றார். முப்பத்தொரு டொலரில் தொடங்கினார்.

1901இல் சங்கத்தின் மாநாட்டில் அவர் தன் திட்டத்தை வைத்தார். சங்கத்துக்கென ஒரு பத்திரிகை வேண்டும். ஒரு வங்கி வேண்டும். எமது பெண்கள் வேலை செய்யக்கூடிய ஒரு கடை வேண்டும். கேட்டவர்களில் பலருக்கு அது பகற்கனவாகப் பட்டிருக்கலாம். சுற்றிலும் கதவுகள் அடைபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த வருடமே வேர்ஜீனியாவின் புதிய அரசியலமைப்பு, வாக்காளர் வரி போன்ற தந்திரங்களால் கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைப் பெருமளவில் பறித்தது.

அதைவிடப் பெரிய தடை ஒன்று மக்களின் மனதில் இருந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக யுத்தம் முடிந்த கையோடு ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி என்று ஒன்று ஆரம்பிக்கப்பட்டிருந்தது. துவைத்தும் கொத்தியும் சேர்த்த காசை மக்கள் நம்பிப் போட்டார்கள். தவறான நிர்வாகத்தாலும் மோசமான கடன்களாலும் 1874இல் அது மூடப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் அதிகமான வைப்பாளர்களுக்குச் சேர வேண்டிய சுமார் 30 இலட்சம் டொலர் சிக்கிக்கொண்டது. பலருக்கு முழுத்தொகை ஒருபோதும் திரும்பவில்லை. அந்தத் தலைமுறையிடம் போய் மீண்டும் வங்கியில் காசு போடுங்கள் என்று சொல்வது லேசான காரியமா?

மெகி அவசரப்படவில்லை. முதலில் 1902இல் பத்திரிகையை ஆரம்பித்தார். அதன் வழியே சேமிப்பைப் பற்றியும் சங்கத்தின் வரவு செலவைப் பற்றியும் மக்களோடு பேசினார். பிறகு வங்கித் தொழிலைக் கற்கப் போனார். ரிச்மண்டில் வெள்ளையர்கள் நடத்திய ஒரு பெரிய வங்கியில் தினமும் சில மணித்தியாலங்கள் உட்கார்ந்து, பேரேடு எழுதுவதிலிருந்து கடன் கொடுப்பது வரை மாதக்கணக்கில் பார்த்துப் படித்தார். ஒரு பெரும் சங்கத்தின் தலைமையில் இருப்பவர், நாற்பதை நெருங்கும் வயதில், மாணவியாக உட்கார வெட்கப்படவில்லை.

1903 நவம்பர் 2ஆம் திகதி சென்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. பென்னி என்றால் ஒரு சதம். முதல் நாளில் மட்டும் சுமார் 280 பேர் காசு வைப்பிலிட்டார்கள். வைப்பு எண்ணாயிரம் டொலரைத் தாண்டியது. விற்ற பங்குகளையும் சேர்த்து அன்று வந்த மொத்தம் 9,340 டொலர் 44 சதம். ஒருவர் கொண்டுவந்தது வெறும் 31 சதம். அவருக்கும் கணக்குத் திறக்கப்பட்டது.

எனக்கு அந்த ஒன்பதாயிரத்தைவிட இந்த 31 சதம்தான் பெரிதாகத் தெரிகிறது. மற்ற வங்கிகளின் வாசலில் அந்த மனிதருக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்? சிறுவர்களுக்கும் சதம் சேர்க்கச் சிறு பெட்டிகள் கொடுக்கப்பட்டன. பெட்டி நிறைந்ததும் பிள்ளை தானே வங்கிக்கு வந்து கணக்கில் போடும். படிப்பித்துப் பழகிய ஒருவருக்குத்தான் இப்படியொரு யோசனை வரும் என்று நினைத்துக்கொள்வேன்.

சதங்கள் வீடுகளாக மாறின. 1920 அளவில் அறுநூறுக்கும் மேற்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் இந்த வங்கியின் உதவியோடு சொந்த வீடு வாங்கியிருந்தன. ஒரு காலத்தில் பின்வாசலில் உடுப்புக் கூடையோடு நின்றவர், இப்போது பிறருக்கு முன்வாசல் கட்டிக்கொடுத்தார்.

தனக்குக் கிடைத்த கதிரையில் அவர் தனியாக உட்காரவும் இல்லை. அன்று ரிச்மண்டில் உழைத்த கறுப்பினப் பெண்களுக்கு வீட்டு வேலை, துவைக்கும் வேலை, புகையிலைத் தொழிற்சாலை வேலை என்பவற்றைத் தவிர வேறு வழி அரிது. மெகி தன் சங்க அலுவலகத்தில் பெண்களை எழுதுவினைஞர்களாக நியமித்தார். தட்டச்சும் கணக்கும் பழக்கினார். சங்கத்தின் நிர்வாகத்திலும் வங்கியின் பணிப்பாளர் சபையிலும் பெண்களுக்கு இடம் கொடுத்தார். எனது பார்வையில் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய சாதனை இதுதான். ஒரு பெண் மேலே போவது செய்தியாகும். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை போகும்போதுதான் நிலைமை மாறும்.

தோல்விகளும் துயரங்களும்

தொட்டதெல்லாம் துலங்கியது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 1905இல் நகரின் பிரதான வீதியில் பெண்களை வேலைக்கமர்த்திப் பெரிய கடையொன்றைத் திறந்தார். வெள்ளை வியாபாரிகள் ஒன்றுசேர்ந்தார்கள். கட்டடத்தைக் கூடிய விலைக்கு வாங்கிவிடப் பார்த்தார்கள். மொத்த வியாபாரிகள் அந்தக் கடைக்குப் பொருள் கொடுக்காமலிருக்க நெருக்குதல் கொடுத்தார்கள். எமது மக்களும் போதிய அளவு அங்கே போய் வாங்கவில்லையே என்று மெகி தன் சமூகத்தின் மீது வருந்தினார். சில வருடங்களில் கடை மூடப்பட்டது.

1904இல் ரிச்மண்டின் டிராம் வண்டிகளில் கறுப்பினத்தவரைத் தனியாக உட்காரவைக்கும் விதி வந்தபோது, பத்திரிகை ஆசிரியர் ஜோன் மிச்செல் முதலானோருடன் சேர்ந்து பகிஷ்கரிப்பை முன்னெடுத்தார். மக்கள் மாதக்கணக்கில் நடந்தே வேலைக்குப் போனார்கள். டிராம் கம்பனி அதே வருடத்தில் நிதி நெருக்கடியில் விழுந்தது. ஆனாலும் 1906இல் மாநில அரசு அந்தப் பாகுபாட்டைச் சட்டமாகவே ஆக்கியது.

வங்கிக்கும் சோதனை வந்தது. அதே நகரில் ஆண்கள் நடத்திய ட்ரூ ரிஃபோமர்ஸ் என்ற கறுப்பினச் சங்கத்தின் வங்கி 1910இல் வீழ்ந்தது. அதையடுத்து மாநிலத்தின் கண்காணிப்பு இறுகியது. சங்கமும் வங்கியும் ஒரே கணக்கில் இயங்க முடியாது என்ற நிலை வந்தபோது, மெகி இரண்டையும் பிரித்து வங்கியைத் தனி நிறுவனமாக நிறுத்தினார். அந்த நெருக்கடியில் தப்பியதற்கு அவருடைய எச்சரிக்கையான நிர்வாகம் ஒரு முக்கிய காரணம். ஜோன் மிச்செல் நடத்திய வங்கியும் 1922இல் மூடப்பட்டது. மெகியின் வங்கி நின்றது. பெண்ணுக்குக் காசு விடயம் விளங்காது என்று சொல்பவர்களுக்கு ரிச்மண்ட் நகரின் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

1915 ஜூன் மாதத்தில் அவர் வீட்டிலேயே இடி விழுந்தது. அக்கம்பக்கத்தில் திருடன் நடமாட்டம் என்ற பேச்சு இருந்தது. ஒரு மாலை வீட்டின் பின்பக்கத்தில் நின்றவரைத் திருடன் என்று நினைத்து மூத்த மகன் ரசல் சுட்டுவிட்டார். செத்து விழுந்தது சொந்தத் தந்தை. மகன் கைதானார். கொலை வழக்கு நடந்தது. கணவனை இழந்த துக்கத்தோடு மகனின் உயிருக்காகவும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய நிலை அந்தத் தாய்க்கு. ரசல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். ஆனாலும் மனதளவில் அவர் மீளவில்லை. 1923இல் இறந்தார்.

அந்தத் துயரத்தின் நடுவிலேயே சங்கத்துக்குள் சிலர் அவரைப் பதவியிலிருந்து இறக்க முயன்றார்கள். குடும்பத்தில் நடந்ததைக் காரணமாகச் சொன்னார்கள். ஓர் ஆணுக்கு இப்படி நடந்திருந்தால் அனுதாபம் கிடைத்திருக்கும். பெண்ணுக்கு நடந்ததால் தகுதி கேள்விக்குள்ளானது என்றே எனக்குப் படுகிறது. மெகி அங்கத்தவர்களின் முன்னால் நின்று தன் பக்கத்தைச் சொன்னார். அவர்கள் அவரோடு நின்றார்கள். பதவி அவரிடமே இருந்தது.

உடம்பும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. 1907இல் வீட்டுப் படிகளில் விழுந்து முழங்கால் உடைந்தது. பின்னர் சீனி வியாதி. கடைசி வருடங்களில் சக்கர நாற்காலி. நடக்க முடியாமல் போனபோது வீட்டுக்குள் மின்தூக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இதற்கிடையில் 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் ரிச்மண்டின் கறுப்பினப் பெண்களை வாக்காளராகப் பதிய வைப்பதில் முன்னின்றார். 1921இல் மாநிலத்தின் பொதுக் கல்வி அத்தியட்சகர் பதவிக்குப் போட்டியிட்டார். தோற்றார். திருமணம் செய்ததற்காக வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆசிரியை, முப்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு அதே மாநிலத்தின் கல்விக்குத் தலைமை தாங்க முன்வந்தார் என்பதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை.

நிலைத்து நின்ற வங்கி

1929இல் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் தாக்கியது. அடுத்த சில வருடங்களில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. மெகி தன் வங்கியை ரிச்மண்டின் வேறு கறுப்பின வங்கிகளோடு படிப்படியாக இணைத்து கொன்சொலிடேட்டட் வங்கி என்ற ஒரே நிறுவனமாக்கினார். கால் நூற்றாண்டுக்கு மேல் தான் வகித்த வங்கித் தலைவர் பதவியை விட்டுக்கொடுத்து, பணிப்பாளர் சபையின் தவிசாளராக இருந்தார். இணைப்புக்காகத் தன் வங்கியின் பெயரையே அவர் விட்டுக்கொடுத்தார். அதனால் வைப்பாளர்களின் காசு பிழைத்தது. அந்த வங்கி 2005 வரை கறுப்பினத்தவரின் கையிலேயே இயங்கியது. அந்த வகையில் அமெரிக்காவின் மிகப் பழைய வங்கியாக அது மதிக்கப்பட்டது.

மெகி 1934 டிசம்பர் 15ஆம் திகதி தனது 70ஆவது வயதில் காலமானார். அவர் வாழ்ந்த வீடு இன்று தேசிய வரலாற்றுத் தலம். 2017இல் ரிச்மண்ட் நகர மத்தியில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

அவர் திறந்த கதவு வழியே மற்றவர்கள் உடனே போய்விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நியூயோர்க் பங்குச் சந்தையில் முதலாவது பெண் ஆசனம் வாங்கியது 1967இல். கடன் கொடுப்பதில் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1974இல். அந்நாட்டு மத்திய வங்கிக்கு ஒரு பெண் தலைவரானது 2014இல். வோல் ஸ்ட்ரீட்டின் பெரிய வங்கியொன்றுக்கு முதலாவது பெண் தலைமை கிடைத்தது 2021இல். மெகி வங்கி திறந்து 118 வருடங்களுக்குப் பிறகு! முஸ்லிம் உலகிலும் இதற்கு உதாரணம் உண்டு. மலேசியாவின் மத்திய வங்கியை 2000 முதல் 2016 வரை ஸெட்டி அக்தர் அஸீஸ் என்ற முஸ்லிம் பெண் ஆளுநராக இருந்து நடத்தினார். இஸ்லாமிய நிதி முறை அங்கே வேரூன்றி வளர்ந்த காலமும் அதுதான்.

எமது மேடைகளில் அன்னை கதீஜா (ரழி) அவர்களின் வணிகத்தைப் பற்றிப் பேசாத மீலாத் விழா இல்லை. பேசிவிட்டு இறங்கியதும் அதே விழாவின் ஏற்பாட்டுக் குழுவைப் பார்த்தால், காசு சேர்த்த பெண்களின் பெயர் அதில் இருக்காது. வீட்டுக்கு வீடு சீட்டுப் பிடித்து, ஒரு சதம் பிசகாமல் முறை வைத்துக் கொடுப்பவர்கள் எமது உம்மாமார்தான். அந்த நம்பிக்கை சீட்டுக்குப் போதும், சங்கத்துக்குப் போதாது என்பது என்ன நியாயம்?

மெகியின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். கதிரை வேண்டும் என்று கேட்பதற்கு முன் அவர் தொழிலைக் கற்றார். ஆனால் கற்றுவிட்டு, யாராவது அழைக்கட்டும் என்று லாச்சியைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. திட்டத்தை மாநாட்டில் எழுந்து நின்று சொன்னார். பொறுப்பையும் பதவியையும் சேர்த்தே எடுத்தார். நான் ஏழு வருடம் பொறுப்பை மட்டும் எடுத்தேன். பதவியைக் கேட்கவே இல்லை. அதற்கு அந்தப் பாடசாலையின் சேர்மாரை மட்டும் குறை சொல்லி நான் தப்ப முடியாது. உயர்ந்த கைகளில் என் கையும் இருந்தது.

இப்போது வேறொரு பாடசாலையில் இருக்கிறேன். இங்கும் ஒரு நலன்புரிச் சங்கம். இங்கும் ஒரு கணக்குக் கொப்பி. அது ஓர் இளம் ஆசிரியையின் மேசை லாச்சியில் இருக்கிறது. அடுத்த மாதம் பொதுக் கூட்டம். இன்ஷா அல்லாஹ், இம்முறை பொருளாளர் பதவிக்கு அவருடைய பெயரை நான் பிரேரிக்கப் போகிறேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும் என்பதால், அதையும் ஒரு சேரிடம் பேசி வைத்திருக்கிறேன்.